பொய் சொன்ன டிஸ்க்

தாலி கட்டும் நேரத்தில் திரை பச்சையாகிவிட்டது. முழுத் திரையும் அல்ல. மாப்பிள்ளையின் கையும் பெண்ணின் கழுத்தும் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் பச்சையும் ஊதாவுமாகச் சதுரக் கட்டங்கள், ஈரக் கோலத்தைக் காலால் இழுத்துவிட்ட மாதிரி. கெட்டிமேளம் துல்லியமாகக் கேட்கிறது. யாரோ ஒரு பெரியம்மா 'அட்சதை, அட்சதை' என்று அவசரப்படுத்துவதும் கேட்கிறது. இரண்டு நொடி கழித்துப் படம் தெளியும்போது எல்லாம் முடிந்து, மாப்பிள்ளை நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த வீடியோவை எடுத்தவர் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதைச் சேமித்து வைத்திருந்த டிஸ்க் பெட்டியை அமைத்துக் கொடுத்து, மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருபவன் நான். 'கேமராவுல அப்பவே நல்லா இருந்துச்சு தம்பி, எடிட்டிங்குக்கு முன்னாடி நான் என் கண்ணால பார்த்தேன்' என்றார். அவர் சொன்னது உண்மை. கேமராவின் மெமரி கார்டை அடுத்த முகூர்த்தத்துக்காக அழித்தாகிவிட்டது என்பதும் உண்மை. தவறு பெட்டியில்தான் நடந்திருந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு பட்டனை அமுக்கிய என் விரலில். நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. இப்போதும் கல்யாண வீட்டில் மேளம் உச்சத்துக்குப் போகும்போது எனக்கு அந்தப் பச்சைக் கட்டம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

பெட்டிக்குள் நான்கு டிஸ்க். ரெய்டு 5, அதாவது ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பிக்கும்படி அடுக்கி வைக்கிற முறை. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்கும், இருந்தாலும் ஒரு நிமிடம். மூன்று டிஸ்க்கில் தரவு, நான்காவதில் அந்த மூன்றின் கூட்டுக் கணக்கு. (உண்மையில் அந்தக் கணக்கு நான்கு டிஸ்க்கிலும் மாறி மாறி உட்காரும். கதைக்கு அது வேண்டாம்.) மூன்று பிட்டுகள் 1, 0, 1 என்றால், நான்கிலும் சேர்த்து ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி நான்காவது 0. இரண்டாவது டிஸ்க் ஒருநாள் செத்துப்போகிறது. மிச்சம் 1, ?, 1, 0. ஒன்றுகள் ஏற்கெனவே இரண்டு இருப்பதால், காணாமல் போனது 0. ஒரு டிஸ்க் செத்தாலும் ஒரு பைட்கூடப் போகாது. எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். டிஸ்க்கைக் கழற்றி, புதிதை மாட்டி, டீ குடித்துவிட்டு வந்தால் வேலை ஓடிக்கொண்டிருக்கும். சாயங்காலத்துக்குள் எல்லாம் பழையபடி.

இப்போது இரண்டாவது டிஸ்க் சாகவில்லை, 0 என்பதற்குப் பதில் 1 என்று சொல்கிறது என்று வையுங்கள். 1, 1, 1, 0. ஒன்றுகள் மூன்று. எங்கோ தப்பு என்று தெரிகிறது. யார் தப்பு? முதல் டிஸ்க்கை மாற்றினாலும் கணக்கு சரியாகும், மூன்றாவதை மாற்றினாலும் சரியாகும், கணக்கு வைத்திருக்கும் நான்காவதை மாற்றினாலும் சரியாகும். நால்வர் மேலும் சமமான சந்தேகம். செத்த டிஸ்க்கைச் சுலபமாக மீட்கிற அதே கணக்கு, பொய் சொல்கிற டிஸ்க்கின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறது.

பெட்டி மாதாந்திரச் சோதனை ஓட்டி, 128 இடங்களில் கணக்கு ஒத்துப்போகவில்லை என்று காட்டியது. எனக்குப் பெரிய பதற்றமில்லை. அந்த வாரம் இரண்டு முறை கரண்ட் போயிருந்தது, யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. தரவை எழுதிவிட்டுக் கூட்டுக் கணக்கை எழுதப்போகும் அந்தச் சின்ன இடைவெளியில் கரண்ட் போனால் இப்படி வித்தியாசம் வரும், வழக்கம்தான். 'சரிசெய்' என்று ஒரு வசதி இருந்தது. அமுக்கினேன். மறுபடி சோதனை ஓட்டினேன். வித்தியாசம் பூஜ்யம். 'எல்லாம் சரியாயிடுச்சுண்ணே' என்று சொல்லிவிட்டு, அவர் வாங்கிக்கொடுத்த பரோட்டாவையும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அந்தப் பட்டன் என்ன செய்யும் என்பதை நான் படித்தது பச்சைக் கட்டத்துக்குப் பிறகு. அது தரவு டிஸ்க்குகள் மூன்றும் சொல்வதை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொண்டு, கூட்டுக் கணக்கைத் திருப்பி எழுதும். அவ்வளவுதான். வேறு என்ன செய்ய முடியும் அதனால்? 1, 1, 1, 0 என்பதை 1, 1, 1, 1 ஆக்கிவிட்டது. பொய்க்குச் சாட்சியாக இருந்த ஒரே ஒரு பிட்டையும் பொய்யோடு ஒத்துப்போகும்படி மாற்றிவிட்டது. அதற்கு முந்தைய நிமிடம் வரை அந்த வீடியோவை மீட்க வழி இருந்தது. ஒவ்வொரு டிஸ்க்காகச் செத்ததாக வைத்துக்கொண்டு, மற்ற மூன்றிலிருந்து கோப்பைக் கட்டிப் பார்த்திருக்கலாம். நான்கு முயற்சிகளில் ஒன்றில் தாலி தெரிந்திருக்கும். நான் 'சரி' செய்த பிறகு, நான்குமே ஒரே பச்சைக் கட்டத்தைத்தான் காட்டின.

வார இறுதியில் நின்ற எந்திரம்

இதே எரிச்சல் 1947இல் ரிச்சர்டு ஹாமிங் என்கிற கணிதக்காரருக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், ரிலேக்களால் (மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்சுகளால்) ஆன ஒரு கணிப்பொறி. ஓட்டை போட்ட காகித நாடாவில் கணக்கு உள்ளே போகும். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஐந்து இடம், அதில் சரியாக இரண்டில்தான் ஓட்டை இருக்க வேண்டும். ஒன்றோ மூன்றோ இருந்தால் தப்பு என்று எந்திரத்துக்குத் தெரிந்துவிடும். வார நாட்களில் விளக்கை எரியவிட்டு நிற்கும், ஆள் வந்து சரிசெய்வார். வார இறுதியில் ஆள் கிடையாது. அந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஹாமிங்குக்குக் கிடைத்ததோ வார இறுதி. இரண்டு வாரம் தொடர்ந்து திங்கட்கிழமை வந்து பார்த்தால் வேலை பாதியில் கிடக்கிறது. தப்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த எந்திரத்துக்கு, அது எந்த இடத்தில் என்று கண்டுபிடித்துத் தானே திருத்தத் தெரியக் கூடாதா என்று அவர் கடுப்பில் கேட்ட கேள்வியிலிருந்துதான் பிழைதிருத்தும் குறியீடுகள் என்கிற இந்தத் துறையின் பாதி கிளைத்தது. காப்புரிமைச் சிக்கலால் கட்டுரை அச்சில் வர 1950 ஆகிவிட்டது.

அவர் செய்த ஏற்பாட்டை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தால் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம் வரும். ஏழு இடங்கள். 1, 2, 4ஆம் இடங்கள் காவலுக்கு, மீதி நான்கும் தரவுக்கு. முதல் காவலாளி 1, 3, 5, 7ஐப் பார்த்துக்கொள்வார். இரண்டாமவர் 2, 3, 6, 7ஐ. நான்காம் இடத்துக்காரர் 4, 5, 6, 7ஐ. ஒவ்வொருவரும் தன் பங்கில் ஒன்றுகள் இரட்டைப்படையாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். ஐந்தாவது பிட் தப்பாகிவிட்டது என்றால் முதலாமவரும் நான்காமவரும் கத்துவார்கள், இரண்டாமவர் பேசாமல் இருப்பார். 1ஐயும் 4ஐயும் கூட்டினால் 5. கத்தியவர்களின் எண்ணைக் கூட்டினால் தப்பு நடந்த இடம்! முதல்முறை இதைப் போட்டுப் பார்த்தபோது ஏழு இடங்களையும் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிச் சரிபார்த்தேன், ஏதோ சித்து வேலை நடக்கிறது என்கிற சந்தேகத்தில்.

ஆனால் ஒன்றுக்குப் பதில் இரண்டு தப்பு நடந்தால்? மூன்றாவதும் ஐந்தாவதும் மாறிவிட்டன என்று வையுங்கள். முதல் காவலாளிக்கு இரண்டுமே தன் பங்கில் வருவதால் ஒன்றையொன்று அடித்துவிடும், அவர் பேசமாட்டார். இரண்டாமவரும் நான்காமவரும் கத்துவார்கள். கூட்டினால் 6. எந்தத் தப்பும் செய்யாத ஆறாவதைப் பிடித்து மாற்றிவிடும். இரண்டு தப்பு மூன்றாகிவிடும். அப்புறம் மூன்று காவலாளிகளுமே 'எல்லாம் சரியாயிடுச்சுண்ணே' என்பார்கள்.

அதனால்தான் சர்வர்களில் போடும் மெமரியில் எட்டு சிப்புக்குப் பதில் ஒன்பது இருக்கும். 64 பிட்டுக்கு எட்டு பிட் கூடுதல். ஒரு தப்பு என்றால் திருத்தும். இரண்டு என்றால், திருத்தத் துணியாமல், என்னால் முடியாது என்று ஒப்புக்கொள்ளும். அந்த ஒப்புக்கொள்ளலுக்காகவே ஒரு பிட் தனியாகச் செலவழிக்கிறார்கள். நண்பரின் பெட்டியில் இருந்தது எட்டு சிப் மெமரிதான். விலை குறைவு.

செல்லரித்ததும் கைப்பிழையும்

ஏட்டுச்சுவடி படிப்பவர்களுக்கு நான் சொல்லவருவது புதிதாக இருக்காது. சுவடியில் சேதம் இரண்டு வகை. ஒன்று, செல்லரித்த இடம். ஓட்டை கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று, எழுதினவரின் கைப்பிழை. ஓலை முழுசாக இருக்கும், எழுத்து அழகாக இருக்கும், சொல் தவறாக இருக்கும். ஓலையில் புள்ளி வைப்பதில்லை, குத்தினால் கிழியும் என்று. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி. கைப்பிழைக்கு இதைவிட வசதியான இடம் வேண்டுமா?

எதுகையும் தளையும் இங்கே காவலாளி வேலை பார்த்திருக்கின்றன. வெண்பாவில் ஓர் அசை கூடினாலோ குறைந்தாலோ பெரும்பாலும் தளை தட்டும். தட்டுகிற இடமே, தப்பு எந்தச் சீருக்குப் பக்கத்தில் என்று காட்டிக்கொடுக்கும். அந்தாதி இன்னும் ஒரு படி மேல். ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு தொடங்குவதால், நடுவில் ஓர் ஏடு தொலைந்தால் தொலைந்தது உடனே தெரியும். தொலைந்த பாட்டு எந்தச் சொல்லில் தொடங்கியது, எந்தச் சொல்லில் முடிந்தது என்பதுகூடத் தெரியும். நினைவில் நிற்க வேண்டும், கேட்க இனிக்க வேண்டும் என்று செய்ததுதான் இதெல்லாம், பிழைதிருத்தத்துக்காக யாரும் யாப்பு செய்யவில்லை. இருந்தாலும் வேலை நடந்திருக்கிறது. புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் இன்றுவரை கிடைக்கவில்லை. எண் இருக்கிறது, பாட்டு இல்லை. சிதைந்த அடிகள் வருகிற பாட்டுகளில் புள்ளி புள்ளியாக விட்டு அச்சிட்டிருப்பார்கள். பள்ளியில் படிக்கும்போது அந்தப் புள்ளிகளைப் பார்த்தால் சலிப்பாக இருக்கும். இப்போது அந்தப் புள்ளிகள்மேல் எனக்குத் தனி மரியாதை. நானாக இருந்தால் பட்டனை அமுக்கி நிரப்பியிருப்பேன்.

இந்த இரண்டு சேதத்துக்கும் விலை வித்தியாசம் எவ்வளவு என்பதற்குத் துல்லியமான கணக்கு இருக்கிறது. கட்டக் காகிதத்தில் ஒரு நேர்கோடு போதும். அனுப்ப வேண்டிய எண்கள் 5, 7. இவற்றை ஒரு கோட்டின் முதல் இரண்டு புள்ளிகளாக வைத்து, கோட்டை நீட்டினால் அடுத்த இரண்டும் 9, 11. நான்கையும் அனுப்புகிறேன். வழியில் எந்த இரண்டு செல்லரித்துப் போனாலும் கவலையில்லை, மிஞ்சிய இரண்டு புள்ளிகள் வழியாக ஒரே ஒரு கோடுதான் போகும். இப்போது அரிப்பு இல்லாமல் கைப்பிழை: 5, 8, 9, 11 என்று வருகிறது. முதல், மூன்றாவது, நான்காவது மூன்றும் ஒரே கோட்டில் நிற்க, 8 மட்டும் விலகி நிற்கிறது. பிடித்துவிடலாம். இரண்டு கைப்பிழை, 5, 8, 11, 11 என்று வந்தால்? 5, 8, 11 மூன்றும் சேர்ந்து வேறொரு கோட்டில் அழகாக நிற்கும். உண்மையான கடைசி 11தான் தப்பு என்று முடிவாகி, 14 என்று 'திருத்தப்படும்'. ஆக, கூடுதலாகச் சேர்த்த அதே இரண்டு எண்களைக் கொண்டு, இடம் தெரிந்த ஓட்டை என்றால் இரண்டை அடைக்கலாம். இடம் தெரியாத தப்பு என்றால் ஒன்றைத்தான் திருத்தலாம். பொய்க்கு இரட்டை விலை.

கோட்டுக்குப் பதில் வளைவு, சாதாரணக் கூட்டல் பெருக்கலுக்குப் பதில் ஓர் எல்லைக்குள்ளேயே சுற்றிவரும் கூட்டல் பெருக்கல். இந்த இரண்டை மாற்றினால் 1960இல் இர்விங் ரீடும் கஸ்டவ் சாலமனும் எழுதிய முறை கிடைக்கும். வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸைத் தாண்டிய 1986இல் படங்களை இந்த முறையில்தான் அனுப்பியது. 223 பைட் தரவுக்கு 32 பைட் கூடுதல், 16 பைட் வரை கைப்பிழையைத் தாங்கும். அவ்வளவு தூரத்திலிருந்து 'என்ன சொன்ன, மறுபடி சொல்லு' என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. இணையத்தில் நம் வேலை சுலபமாக இருப்பதே அப்படிக் கேட்க முடிவதால்தான். தப்பு வந்ததா என்று மட்டும் பார்த்தால் போதும், வந்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பக் கேட்கலாம். டிஸ்க் இந்த விஷயத்தில் வாயேஜர் கட்சி. போன வருடம் நான் எழுதி வைத்ததை இந்த வருடம் படிக்கிறேன். போன வருடத்து என்னைக் கூப்பிட்டு மறுபடி அனுப்பச் சொல்ல முடியாது. கேமரா கார்டையும் அழித்தாகிவிட்டது.

அம்மா சிடி துடைத்த விதம்

வீட்டில் சிடி பிளேயர் இருந்த காலத்தில், பாட்டு திக்கினால் அம்மா சிடியை எடுத்து முந்தானையால் வட்ட வட்டமாகத் துடைப்பாள், எவர்சில்வர் தட்டைத் துடைக்கிற மாதிரி. அது தப்பு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேராகத் துடைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்று யாரும் சொன்னதில்லை. பச்சைக் கட்டத்துக்குப் பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் காரணம் தெரிந்தது. சிடியில் தரவு ஒரு நீளச் சுருள் பாதையில் போகிறது. குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் துளியூண்டு இடத்தைத்தான் கெடுக்கும். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் பாதையோடு ஒட்டியே ஓடி, தொடர்ச்சியாக ஆயிரக்கணக்கான பிட்டுகளைத் தின்றுவிடும். 1982இல் கடைக்கு வந்த அந்தத் தட்டு, பாதையில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளச் சேதம்வரை ஒரு பிட் குறையாமல் மீட்கும். அதைத் தாண்டினால் பக்கத்து ஒலிகளை வைத்து ஒப்பேற்றிப் பார்க்கும், அதுவும் முடியாதபோது திக்கும்.

மீட்கிற விதத்தைப் படித்தபோதுதான் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதில் ரீடு–சாலமன் இரண்டு அடுக்கு. எழுதும்போது, அடுத்தடுத்து இருக்க வேண்டிய பைட்டுகளைக் கலைத்து, தூரத் தூர இடங்களில் தூவிவிடுகிறார்கள். படிக்கும்போது முதல் அடுக்கு சில்லறைத் தப்புகளைத் திருத்தும். தன்னால் முடியாத அளவுக்குச் சேதம் என்று தெரிந்தால், ஒப்பேற்றாது. அந்தத் தொகுதி முழுவதையும் 'இது நம்பத்தக்கதல்ல' என்று குறியிட்டு மேலே அனுப்பிவிடும். தூவியதைத் திரும்பச் சேர்க்கும்போது, குறியிட்ட பைட்டுகள் இரண்டாம் அடுக்கின் பல தொகுதிகளில் ஆளுக்கொன்றாகச் சிதறிப் போயிருக்கும். இரண்டாம் அடுக்குக்கு அவை தப்புகளாகத் தெரியாது, இடம் தெரிந்த ஓட்டைகளாகத் தெரியும். அரை விலையில் அடைத்துவிடும். பொய்யை ஓட்டையாக மாற்றுவது ஒருவர் வேலை, ஓட்டையை அடைப்பது இன்னொருவர் வேலை.

நண்பரின் பெட்டியில் இல்லாதது அந்த முதல் ஆள். இதில் டிஸ்க்கை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. ஒவ்வொரு 4096 பைட் துண்டுக்கும் சுமார் 100 பைட் அளவுக்குத் திருத்தக் குறியீட்டை டிஸ்க்கே தனக்குள் வைத்திருக்கிறது. தகட்டில் வரும் சேதத்தைத் திருத்தும், திருத்த முடியாவிட்டால் படிக்க முடியவில்லை என்று கையை விரித்துவிடும். டிஸ்க் பெரும்பாலும் நேர்மையானது. ஆனால் தகட்டுக்குப் போகும் முன்பே, டிஸ்க்கின் உள் நினைவகத்திலோ வழியிலோ ஒரு பிட் புரண்டால், புரண்டதற்கே கச்சிதமாகக் குறியீடு எழுதி வைத்துவிடும். அப்புறம் ஆயுளுக்கும் அது நேர்மையாகப் பொய் சொல்லும். பிறகு நான்கு டிஸ்க்கையும் தனித்தனியாகக் கழற்றி, தெரிந்த எண்களை முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்த்தேன். இரண்டாவது டிஸ்க், ஒரு பிழைச் செய்தியும் தராமல், சில இடங்களில் வேறு எண்ணைக் கொடுத்தது.

இவ்வளவு சின்னச் சேதத்துக்கு இரண்டு நொடிப் படம் ஏன் போனது என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. வீடியோவைச் சுருக்கும்போது, முந்தைய படத்திலிருந்து ஊகிக்கக்கூடியதையெல்லாம் எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவதில் ஒவ்வொரு பிட்டும் தன் தலைமேல் நூறு பேரைத் தூக்கி வைத்திருக்கிறது. ஒன்று தடுக்கினால், அடுத்த முழுப்படம் வரும்வரை எல்லோரும் சரிந்து கிடப்பார்கள்.

கல்யாண வீட்டாருக்கு இரண்டாவது கேமராவின் படத்தை வைத்துச் சமாளித்தோம். அதில் தாலி கட்டுவது தெரிகிறது, பெண்ணின் அத்தை கொண்டையில் வைத்திருந்த மல்லிகைப் பந்துக்கு மேலே கொஞ்சமாக. அத்தைக்கு மட்டும் ரொம்பத் திருப்தி என்று நண்பர் சொன்னார்.

பெட்டியை இசட்எஃப்எஸ் என்கிற கோப்பு முறைக்கு மாற்றினேன். ஒன்பது சிப் மெமரி போட்டேன், யுபிஎஸ் பேட்டரியை என் செலவில் மாற்றினேன். இப்போது ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு செக்சம், அதாவது அந்தத் துண்டிலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண், தனியாக வேறோர் இடத்தில் இருக்கிறது. படித்தது அதோடு ஒத்துப்போகவில்லை என்றால், ஒவ்வொரு டிஸ்க்காக ஒதுக்கிப் பார்த்து, யாரை ஒதுக்கினால் செக்சம் பொருந்துகிறதோ அவரே ஆள் என்று பிடித்துவிடும். நான் அன்று செய்யாமல் விட்ட அதே நான்கு முயற்சி.

போன மாதம் ராத்திரி பத்து மணிக்கு நண்பர் கூப்பிட்டார். 'தம்பி, பெட்டியிலேர்ந்து மெயில் வந்திருக்கு. ஒரு எடத்துல பிழையாம். சரிசெஞ்சாச்சுன்னு அதுவே போட்டிருக்கு. அப்ப ஒண்ணும் பண்ண வேண்டாம்ல?'

'எந்த டிஸ்க்குன்னு போட்டிருக்கா அண்ணே?'

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. 'மூணுன்னு இருக்கு.'

'சரி. காலையில வர்றேன். அதுவரைக்கும் எதையும் அமுக்கிடாதீங்க.'